ஓனரக்காவின் அழுகுணி ஆட்டம்

"செல்லாது" என்ற சொல்லை ஓனரக்கா வாயால் கேட்க வேண்டும். தண்ணீர் லாரி அடுத்த வீட்டு வாசலில் முதலில் நின்றால் செல்லாது. ஐயப்பன்தாங்கல் டிப்போவில் அவர் பஸ் ஜன்னல் வழியாக டிபன் பையைப் போட்டு வைத்த சீட்டில் வேறு யாராவது உட்கார்ந்தால் செல்லாது. அவருக்கு முன்பே அங்கே ஒரு கர்சீப் கிடந்திருந்தால் அந்தக் கர்சீப்பும் செல்லாது. பொங்கலுக்குத் தெருவில் நடந்த கோலப் போட்டியில் எதிர்வீட்டு மருமகளுக்கு முதல் பரிசு கொடுத்தபோது, அந்தப் பெண்ணின் அம்மா நடுவில் வந்து இரண்டு இழை இழுத்தார் என்று சாட்சியோடு வாதாடி, பரிசைப் பாதியாகப் பிரிக்க வைத்தார். பரிசு ஓர் எவர்சில்வர் குடம். ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று முடிவானது. நாங்கள் அங்கே குடியிருந்த காலம் முழுக்க அந்தக் குடம் தெருவைக் குறுக்கே கடந்துகொண்டுதான் இருந்தது.

ஐயப்பன்தாங்கலுக்குப் பக்கத்தில், நூம்பலில் அவர் வீட்டு மாடியில் நானும் என் கணவரும் வாடகைக்கு இருந்தோம். கரூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு வந்திறங்கியவர்கள், இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. கீழ்வீட்டில் அக்காவும் அவர் வீட்டுக்காரரும். மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்காரர் அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். அக்கா அதே அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சட்டை கம்பெனியில், காலர் தைக்கிற மிஷினில். மாமனார் காலம்வரை அடுத்தவர் வயலுக்குக் கூலி வேலைக்குப் போன குடும்பம், இப்போது மாடி கட்டி வாடகைக்கு விட்டிருந்தது. அதைக் கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்த கதையாக அவர் சொல்ல மாட்டார். "கெலிச்சிட்டோம்" என்பார். ஜெயிப்பதற்கு அந்தப் பக்கத்துச் சொல் அது. எதிராளி யார் என்று கேட்டால் தெருவையே கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடியில் அவரோடு தாயம் ஆடுவேன். தாயக்கட்டை அவருக்குச் சாதகமாக விழுந்தால் விழுந்ததுதான். எனக்குச் சாதகமாக விழுந்தால், காற்றடித்தது, பாய் மடங்கியிருந்தது, நான் உருட்டவில்லை வைத்தேன், ஏதோ ஒன்று. "அழுகுணி ஆட்டம் ஆடாத பொண்ணு" என்று என்னைத்தான் திட்டுவார். அப்படிப்பட்டவரிடம் நான் நிறைய முறை ஜெயித்திருக்கிறேன். ஒன்றுகூடச் செல்லவில்லை.

ஒரு மழைக்காலத்தில், டேங்க் நிரம்பிவிட்டதா என்று பார்க்க மாடிக்கு ஏறி வந்த அக்கா, படியில் படர்ந்திருந்த பாசியில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டுப் பிரித்தபோது எலும்பு சேர்ந்திருந்தது, விரல்கள் மட்டும் மடங்க மறுத்தன. மோதிர விரலும் சுண்டுவிரலும் மரக்குச்சி மாதிரி நீட்டிக்கொண்டே இருந்தன. பயிற்சி கொடுக்கும் டாக்டர் ஒரு ரப்பர் பந்தைத் தந்து, தினமும் அதை அமுக்கச் சொன்னார். பந்து கீழ்வீட்டு டிவிக்கு மேலே ஏறி உட்கார்ந்தது, அங்கேயே இருந்தது.

"பந்த அமுக்குங்கக்கா" என்று நான் சொன்னால், "எதிர்ல யாரு கீறா? சொம்மா அமுக்கிகினே குந்தறதுக்கு நான் இன்னா பைத்தியமா?" என்பார்.

ஆனால் விஷயம் விளையாட்டில்லை. பொங்கல் கழிந்து வேலைக்குத் திரும்பும்போது, மிஷினில் உட்கார வைத்துத் தைக்கச் சொல்லிப் பார்ப்போம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். கை சரியாக ஓடாவிட்டால் பிசிறு வெட்டும் மேசை. தைத்து முடித்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நறுக்கும் வேலை அது. கெட்ட வேலை இல்லை. ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்களையும் கண் மங்கியவர்களையும் உட்கார வைக்கிற இடம்.

"நான் காலர் ஆளு" என்றார் ஒருநாள், குரலைத் தாழ்த்தி. அவர் குரலைத் தாழ்த்தி நான் கேட்டதே அரிது. "கடேசி வெரலு துணிய அமுக்கிப் புடிச்சாதான் காலர் மூல கூரா வரும். அந்த டேபிள்ல ஒரு தபா குந்திட்டேன்னு வை, அப்பால எய்ந்திருக்கவே மாட்டேன்."

என் கணவர் அந்தச் சமயம் வெளிநாட்டில் சில மாதம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். ஊருக்குச் சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் கொண்டுவரும் மனிதர்களுக்கு நடுவில், இவர் கூட வேலை பார்த்த ஒருவரிடம் பழைய வீடியோ கேம் பெட்டியையும் ஒரு பிளாஸ்டிக் கித்தாரையும் வாங்கிக்கொண்டு வந்தார். கித்தாரில் கம்பி கிடையாது. அதன் கழுத்தில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று ஐந்து பொத்தான்கள். வயிற்றில், வலது கையால் தட்ட ஒரு சின்னப் பட்டை. டிவியில் பாட்டு ஓடும், ஒரு சாலை நம்மை நோக்கி ஓடிவரும், அதில் அதே நிறங்களில் வட்ட வட்டமாக வரும். ஒவ்வொன்றும் கோட்டைத் தொடும் நேரத்தில் அந்த நிறப் பொத்தானை இடது கையால் அமுக்கி, வலது கையால் பட்டையைத் தட்ட வேண்டும். சரியாகச் செய்தால் கித்தார் ஒலிக்கும், டிவிக்குள் இருக்கும் கூட்டம் கைதட்டும். தொடர்ந்து தப்புச் செய்தால் கூட்டம் ஊளையிடும், பாட்டு நின்றுவிடும்.

சனிக்கிழமை மத்தியானம் லுங்கியோடு நின்றுகொண்டு இவர் அதை வாசிப்பார். டக் டக் டக் என்று பட்டை, கூடவே தரையில் கால் தாளம். இரண்டாவது சனிக்கிழமை கதவு தட்டப்பட்டது.

"இன்னாம்மா, மேல மரம் அறுக்கிறீங்களா? கீய படுக்க முடில."

"இல்லீங்கக்கா, இவருதான், கேமு."

அக்கா உள்ளே வந்து இவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு டிவியைப் பார்த்தார். ஒரு பாட்டு முழுக்க நின்றே பார்த்தார். "குடு இப்பிடி" என்றார்.

தோளில் மாட்டிக்கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கித்தாரை மடியில் படுக்க வைத்துக்கொண்டார், மிஷினில் துணி வைப்பதுபோல. இருப்பதிலேயே எளிதான பாட்டை இவர் போட்டுக் கொடுத்தார். வட்டங்கள் வரத் தொடங்கியதும், "இன்னா இது, மாத்திரையா வந்துகினு கீது" என்றார். இரண்டு மாதமாக மாத்திரை தின்றுகொண்டிருந்தவர் கண்ணுக்கு அவை வேறு எப்படித் தெரியும். சிக்கலான இடம் வந்ததும் வலது காலைத் தரையிலிருந்து சட்டென்று தூக்கினார். மாத்திரைகள் நிற்காமல் வந்துகொண்டே இருந்தன. மறுபடியும் தூக்கினார். பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. தையல் மிஷினில் காலை எடுத்தால் ஓட்டம் நிற்கும். இதற்கும் அப்படி ஒரு பெடல் எங்கேயோ இருக்கிறது என்று அவர் கால் தேடிக்கொண்டிருந்தது.

பாட்டு பாதியில் நின்றது. கூட்டம் ஊளையிட்டது.

"யாரு அது கத்தறது?"

"கேக்க வந்த கூட்டம்க்கா" என்றார் இவர்.

"என்னப் பாத்தா கத்துது?"

"தப்பா வாசிச்சா அப்படித்தாங்க கத்தும்."

அக்கா டிவியை முறைத்தார். ரப்பர் பந்துக்கு இல்லாத ஒன்று இதற்கு இருந்தது. எதிரில் ஆள் இருந்தது.

"செல்லாது" என்றார். "மறுபடி போடு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஹால் அவருடையதானது. நாங்கள் ஆபீஸிலிருந்து வருவதற்காக மாடிப்படியில் காத்திருப்பார். முதலில் பச்சை, சிவப்பு, மஞ்சள் மட்டும் வரும் எளிய ஆட்டம். அதற்கு அடுத்த படியில் நீலமும் சேர்ந்துவிடும், நீலம் சுண்டுவிரலுக்கு உரியது. அந்தச் சுண்டுவிரலை மடக்கும்போது அவருக்கு வலிக்கும் என்பது முகத்தில் தெரியும். வலிக்கிறது என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. தோற்ற ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். திரைச்சீலை வழியாக வெயில் அடிக்கிறது. கரண்ட் ஏறி இறங்குகிறது. நான் தும்மினேன். பாடுகிறவன் ஒழுங்காகப் பாடவில்லை. கையைத் தவிர உலகத்தில் எல்லாவற்றின் மேலும் பழி போட்டார். கை மட்டும் அவருடைய கோர்ட்டில் எப்போதும் நிரபராதி.

விரல்கள் மெல்ல மடங்கின. முதலில் மோதிர விரல், பிறகு பாதி மனசோடு சுண்டுவிரல். பயிற்சி டாக்டர் பார்த்துவிட்டு, பந்தை நன்றாக அமுக்குகிறீர்கள் போலிருக்கிறதே என்று பாராட்டினாராம். "ஆமா சார், மூணு வேளையும்" என்று கூசாமல் சொல்லிவிட்டு வந்தார். பந்து அப்போதும் டிவி மேல்தான் இருந்தது.

அவருடைய இந்த அடாவடி எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது எப்போது என்று யோசித்தால், அந்த வருட இறுதியில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். ஆபீஸில் என் வேலைக்கு மிகக் குறைந்த மதிப்பெண் போட்டிருந்தார்கள். வீட்டுக்குள் போகத் தெம்பில்லாமல் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என்ன ஏது என்று முழுக்கக் கேட்டார்.

"மார்க்கு போட்டவன் உன் பக்கத்துல குந்திகினு வேலைய பாத்தானா?"

"இல்லீங்கக்கா. அவரு பெங்களூர்ல இருக்காரு."

"அப்ப செல்லாது. மறுபடி போட சொல்லு."

சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அடுத்த நாள் நான் உண்மையாகவே மேலதிகாரிக்குப் போன் போட்டு, எதை வைத்து இப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு கேள்வியை நான் அதற்குமுன் யாரையும் கேட்டதில்லை. மதிப்பெண் மாறியதா என்பது வேறு விஷயம். கேட்டேன் அல்லவா, அது எனக்கு ஓனரக்கா கொடுத்தது.

பொங்கலுக்கு முன்பு அக்கா என் கணவரை நெருங்கிவிட்டார். ஒருவர் மாற்றி ஒருவர் அதே பாட்டை வாசித்து யாருக்கு அதிகம் என்று பார்ப்பார்கள். நூலிழையில் இவர் தப்பிப்பார். "தம்பிய கெலிச்சிட்டுத்தான் வேலைக்குப் போவேன்" என்று தெருவில் அறிவித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து நாங்கள் எங்கள் பழைய குண்டு டிவியைக் கொடுத்துவிட்டு, சுவரில் மாட்டும் பெரிய தட்டை டிவி ஒன்றை வாங்கினோம். பாட்டு இன்னும் நன்றாகக் கேட்கட்டும் என்று இவர் கேம் பெட்டியின் சத்தத்தை மட்டும் தனி ஸ்பீக்கரில் கொடுத்தார்.

அந்த வாரம் அக்காவின் ஆட்டம் குப்புற விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிற பாட்டுகூடப் பாதியில் நின்றது. கூட்டம் ஊளையிட்டது, பெரிய திரையில் பெரிதாக.

"டிவி அழுகுணி ஆட்டம் ஆடுது" என்றார். "பாட்டு முன்ன போவுது, மாத்திர அப்பால வருது."

நாங்கள் சிரித்தோம். என் தும்மலையும் திரைச்சீலையையும் பார்த்தவர்கள்தானே நாங்கள். இத்தனைக்கும் இவருக்கும் ஆட்டம் இறங்கித்தான் போயிருந்தது. ஆபீஸ் டென்ஷன் என்றார் இவர். நான் வாசித்துப் பார்த்து, கண்ணாடி பவரை மாற்ற வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை அது. திங்கட்கிழமை கம்பெனிக்குப் போக வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர் சாப்பிடக் கூப்பிட மேலே வந்தவர், ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். மெதுவாகக் கேட்டார்.

"இன்னாமே, கை மறுபடியும் புடிச்சிகிச்சா? எதுக்கு இம்மாம் பாடு. அந்தப் பிசிறு வெட்ற வேலைக்கே போயேன்."

நான் "செல்லாது"வை எதிர்பார்த்தேன். வரவில்லை. அக்கா தன் இடது கையைப் பார்த்தார். முதல் தடவையாக, அதைச் சந்தேகப்படுகிறவர்போலப் பார்த்தார். கித்தாரை நாற்காலியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அன்று சாயந்திரம் தண்ணீர் லாரி வந்தது. எதிர்வீட்டு வாசலில்தான் முதலில் நின்றது. அவர் வெளியே வரவில்லை.  இந்த மனுஷி தோற்பதை என்னால் பார்க்க முடியாது என்று அப்போது நன்றாகத் தெரிந்தது.

மறுநாள் காலை, காபி குடித்துக்கொண்டிருந்த என் கணவரை யாரோ கீழிருந்து கூப்பிட்டார்கள். போனவர் வரவில்லை. படிக்கட்டில் முனகலும் உருட்டலுமாகச் சத்தம். எட்டிப் பார்த்தேன். கீழ்வீட்டுக் குண்டு டிவியை அந்தப் பக்கம் அக்காவின் வீட்டுக்காரரும் இந்தப் பக்கம் இவரும் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தார்கள். பின்னால் ரப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா.

"பாசி கீது, பாத்து. நான் உய்ந்த படி அதான். இன்னும் கொஞ்சம் தூக்கு தம்பி, பொட்டிய செவுத்துல இடிக்காத."

"இன்னாத்துக்கு இது?" என்றார் வீட்டுக்காரர் மூச்சிரைக்க.

"ராத்திரி பூரா ரோசன பண்ணேன். கை கெட்டுப் போவறதுன்னா மெதுவா கெட்டுப் போவும். டிவி வந்த அன்னிக்கே கெட்டுப் போவுமா?"

டிவியை நாற்காலியில் ஏற்றினார்கள். இவர் ஒயர்களை மாற்றினார். படமும் சத்தமும் அந்தப் பழைய பெட்டியிலிருந்தே வந்தன. அதே பாட்டு. அக்கா உட்கார்ந்து கித்தாரை மடியில் படுக்க வைத்தார்.

அந்த ஆட்டம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பச்சை, சிவப்பு, பச்சை, மஞ்சள். கால் தரையில் உறுதியாக ஊன்றியிருந்தது, தூக்கவே இல்லை. நீலம் வந்தபோது சுண்டுவிரல் போய் உட்கார்ந்தது, எழுந்தது, மறுபடியும் உட்கார்ந்தது. அவர் தன் கையைப் பார்க்கவே இல்லை. கூட்டம் கைதட்டத் தொடங்கி, கடைசிவரை நிறுத்தவில்லை. ஒரு மாத்திரை தவறவில்லை, ஒன்றுகூட. அவர் வீட்டுக்காரர் தன்னை அறியாமல் டிவி கூட்டத்தோடு சேர்ந்து கைதட்டிவிட்டார்.

பிறகு இவர் வாசித்தார். தோற்றார், நன்றாகவே தோற்றார்.

"இப்ப சொல்லு தம்பி. கைல தப்பா, டிவில தப்பா?"

இவர் ஒயரைத் தட்டை டிவிக்கே திரும்ப மாற்றி, அத்தனை நாளாக எட்டிப் பார்க்காத ஒரு பக்கத்தை கேமுக்குள் திறந்தார். அதற்கென்றே ஒரு வசதி இருந்தது. புது டிவிகளில் படம் ஒரு நொடியில் சின்னத் துணுக்கு தாமதமாக வரும், அதைச் சரிசெய்துகொள்ளுங்கள் என்று போட்டிருந்தது. சத்தம் தனி ஸ்பீக்கரில் நேராக வந்துவிட, படம் பின்னால் நொண்டியிருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் ஆட்டம் இறங்கியதும் நாங்கள் எங்களைத்தான் குற்றம் சொன்னோம். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படிப் பழகியவர்கள் நாங்கள். அக்காவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நூறு பொய்க் காரணம் சொல்கிறவர் என்பதால்தான் நூற்றோராவது நிஜக் காரணம் அவர் கண்ணில் பட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

திங்கட்கிழமை விடியற்காலையில் வேலப்பன்சாவடி சிக்னலில் கம்பெனி வேன் ஏறினார். அங்கே நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதல் காலரின் மூலை மழுங்கலாக வந்ததாம். சூப்பர்வைசர் காலரைப் பார்க்காமல் அக்காவின் கையைப் பார்த்தாராம். "செல்லாது. ஊசி மொன தேஞ்சி கீது. மாத்தி குடு" என்றாராம் அக்கா, அத்தனை பேர் முன்னால். ஊசி உண்மையிலேயே தேய்ந்திருந்ததா என்று நான் கேட்கவில்லை. புது ஊசி போட்டார்கள். அடுத்த காலர் கூராக வந்தது. அதற்கடுத்ததும்.

சாயந்திரம் டிபன் பையைத் தோளிலிருந்து இறக்காமலே நேராக மேலே வந்தார்.

"இன்னா பாக்கற? காலர் ஆளு காலர்லதான் கீறேன்."

எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தே, அய்வாத. கித்தார எடு. தம்பி, வா ஒரு ஆட்டம்."

பின்னால் நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்தபோது, ஃபேனும் டியூப்லைட்டும்போல கித்தாரும் வீட்டோடு சேர்ந்தது, எடுத்துக்கொண்டு போனால் செல்லாது என்று சொல்லி அதை வாங்கி வைத்துக்கொண்டார். கேம் பெட்டியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தோம். ஆனால் அது பிறகு. அன்று சாயந்திரம் இரண்டு பேரும் வாசித்தார்கள், அவருடைய டிவியிலேயே. என் கணவர் ஜெயித்தார். கொஞ்சம்தான், ஆனால் சுத்தமாக, யாரும் குறை சொல்ல முடியாதபடி ஜெயித்தார்.

நாங்கள் காத்திருந்தோம். திரைச்சீலை மூடியிருந்தது. கரண்ட் சீராக இருந்தது. நான் தும்மவில்லை. எதைச் சொல்லப் போகிறார் என்று அவர் வீட்டுக்காரர்கூட வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா இடது கையை முகத்துக்கு நேரே தூக்கி, ஐந்து விரலையும் ஒருமுறை மடக்கினார், விரித்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"செல்லாது தம்பி. காலைலேந்து காலர் தச்ச கை. அசந்து பூட்ச்சி."